விசில் கேட்டால் வெளியே போ

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மாவு பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தபோது ஆடியது. முதலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் தராசுத் தட்டும் ஆடுகிறது, மேலே ஃபேனும் ஆடுகிறது. போர்ட் பிளேயரில் இருப்பவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமில்லை. ஆடி முடிந்ததும் பக்கத்து வீட்டில் ‘உங்களுக்குத் தெரிஞ்சுதா?’ என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால் இந்த ஒரு வாரமாக விடாமல் ஆடுகிறது. பெரிதாக ஒன்று வந்தாலும் வரலாம், வீட்டைத் தயாராக வையுங்கள் என்று ரேடியோவில் தினமும் சொல்கிறார்கள்.

“எழுதி வை,” என்றார் இவர், படுக்கையிலிருந்து. “எப்ப ஆடுச்சு, எப்படி ஆடுச்சு, என்ன செஞ்சோம், எல்லாம். கப்பல்ல லாக் புக் எழுதாம டியூட்டி முடியாது.”

“இது கப்பல் இல்ல.”

“ஆடுதுல்ல?”

இந்த வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கேஸ் ஏஜென்சி கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது, எடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் கப்பல் விவரம் இருக்க வேண்டுமாம். எழுதுகிறேன்.

கப்பல்: டெய்ரி ஃபார்ம் மேட்டில் நாங்களே கட்டிய வீடு. முன்னறை, பின்னறை, சமையல்கட்டு. வாசலில் இறங்கினால் செங்குத்தாகப் படிக்கட்டு, அதன் அடியில் தெருக்குழாய். மாலுமிகள் இரண்டு பேர். ஒன்று, இட்லி மாவு அரைத்து விற்கும் நாகவள்ளியாகிய நான். இன்னொன்று, தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் சாரங்காக இருந்த நம்புராஜன். டெக்கில் வேலை செய்கிற அத்தனை பேரையும் விசிலாலேயே மேய்த்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சரக்கு இறக்கும்போது கால் தவறிச் சரக்கறைக் குழிக்குள் விழுந்தார். கழுத்தெலும்பு நொறுங்கியது. இப்போது இடது கை மட்டும் சொன்னபடி கேட்கும். சத்தம் போட்டுக் கூப்பிட்டால் இருமல் பிடித்துக்கொள்கிறது என்று அந்தக் கப்பல் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு தடவை ஊதினால் ‘வா’ என்று அர்த்தம். தண்ணீர், கொசு, புரட்டிப் போடுவது, பெட்பேன் மாற்றுவது, எல்லாவற்றுக்கும் அந்த ஒரே விசில்தான். தூக்கத்திலும் எனக்கு அது கேட்கும்.

ஜூன் 5, வியாழன்

இவர் சொல்லச் சொல்ல வீட்டைத் தயார் செய்தேன். பரணில் இருந்த பித்தளை அண்டா, குத்துவிளக்கு எல்லாம் கீழே இறக்கினேன். தலைக்கு மேல் மாட்டியிருந்த கண்ணாடி போட்ட சாமி படங்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். சாமி கோபித்துக்கொள்ளாது, தலையில் விழுந்தால்தான் சங்கடம். மழையில் உப்பிப்போன வாசல் கதவை இழைக்க ஆசாரி வந்தார். ஆதார், தீவுவாசி என்று காட்டும் ஐலண்டர் கார்டு, வீட்டுப் பத்திரம், என் இரண்டு வளையல் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வாசல் ஆணியில் மாட்டியாகிவிட்டது. கூடவே டார்ச், பிஸ்கட், தண்ணீர் பாட்டில், என் செருப்பு.

பக்கத்து வீட்டு ரெஜினாவின் புருஷன் ஜோக்கிம் வந்து பீரோவைச் சுவரோடு சேர்த்து இரும்புப் பட்டை அடித்துக் கொடுத்தான். மின்சாரத் துறையில் ஷிப்ட் வேலை. ஷிப்ட் இல்லாதபோது எங்களுக்கு அவன்தான் கை கால்.

“எல்லாத்துக்கும் இடம் பாத்தாச்சு. உங்கள எங்க வைக்கிறது?” என்று கேட்டேன்.

“என்னைய அப்பறம் பாக்கலாம். கேஸ் டியூப்பு பழசாயிருக்கு, மாத்து.”

ஜூன் 8, ஞாயிறு

இன்று முதல் டிரில். கப்பலில் ஆபத்து என்றால் ஏழு சின்ன விசில், கடைசியில் ஒரு நீளம். கேட்டதும் அவரவர் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு அவரவர் இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். என் இடம் தெருக்குழாயடி. அங்கே மேலே கம்பி இல்லை, மரம் இல்லை, சரிந்து விழச் சுவரும் இல்லை.

ஊதினார். அந்த மூச்சை வைத்துக்கொண்டு ஏழும் ஒன்றும் ஊதி முடிப்பதற்குள் முகம் சிவந்துவிட்டது. நான் கிரைண்டரை நிறுத்தி, கேஸை மூடி, முன்னறைக்கு ஓடி அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன்.

“இங்க எதுக்கு வந்த?”

“பின்ன எங்க போக?”

“குழாயடிக்கு. விசில் கேட்டா வெளிய போ. உள்ள வராத. கப்பல்ல மணி அடிச்சா எவனாச்சும் அடுத்தவனத் தேடிப் போவானா?”

“கப்பல்ல நடக்க முடியாத ஆளு ஒருத்தன் இருந்தா? அவன யாரு தூக்குவா?”

“அதுக்கு ஸ்ட்ரெச்சர் பார்ட்டி இருக்கு. நாலு பேரு.”

“இங்க?”

“இங்க ஆளு பத்தாது,” என்றார். ஏதோ கறிவேப்பிலை தீர்ந்துபோச்சு என்கிற மாதிரி.

எனக்கு ஆத்திரம் வந்தது. மத்தியானம் குழம்பில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன். வேண்டுமென்றே இல்லை.

ஜூன் 9, திங்கள்

இரண்டு டிரில். இரண்டு தடவையும் கட்டில்வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பினேன். திட்டு.

ஜூன் 12, வியாழன்

கம்யூனிட்டி ஹாலில் வாலண்டியர்கள் வந்து காட்டினார்கள். நடக்க முடியாதவரைப் போர்வையில் கிடத்தி, தலைப்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடலாமாம். ஒல்லியாக ஒரு பெண் தன்னைப்போல் இரண்டு மடங்கு ஆளை இழுத்துக் காட்டினாள். எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்குக் கீழே மெத்தை விரித்து, அதன்மேல் கெட்டிப் போர்வை போட்டு, இவரை மெல்ல உருட்டி இறக்கினேன்.

“பாத்துடி, சரக்கு உடைஞ்சிரும்,” என்று சிரித்தார்.

இழுத்தேன். ஹாலில் வழவழவென்று டைல்ஸ். எங்கள் வீட்டில் சிமெண்டுத் தரை. ஒரு சாண் இழுத்தால் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இவர் இன்னமும் கனமான ஆள்தான், உட்கார்ந்து சாப்பிட்ட உடம்பு இல்லையே. எப்படியோ வாசல்வரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். அங்கே நிலைப்படி. தலையைத் தூக்கினால் இடுப்பு மாட்டுகிறது, இடுப்பைத் தூக்கினால் தலை சரிகிறது. அதைத் தாண்டினால் அந்தப் படிக்கட்டு. அதில் எப்படி இறக்குவது? மூட்டையை உருட்டுகிற மாதிரி உருட்டவா முடியும்?

முன்னாலும் போக முடியவில்லை, பின்னால் கட்டிலில் ஏற்றவும் முடியவில்லை. ஜோக்கிம் ஷிப்ட் முடிந்து வரும்வரை இருவரும் நிலைப்படியிலேயே கிடந்தோம். மழை வந்தது. சாரல் அவர் முகத்தில் அடித்ததால் குடையை விரித்துத் தலைமாட்டில் வைத்தேன். ஆபத்துக்கு என்று மாட்டியிருந்த பையிலிருந்து பிஸ்கட்டைப் பிரித்து ஆளுக்குப் பாதி தின்றோம். கல்யாணமான புதிதில் வடக்கே ரங்கத் என்ற ஊருக்கு இவரோடு கப்பலில் போனபோது டெக்கில் இப்படித்தான் படுத்திருந்தோம் என்று சொன்னேன்.

“பாத்துட்டேல்ல. இவ்வளவுதான் நாகு. இதுக்கு மேல உன்னால ஆகாது,” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மழைதானே, யாருக்குத் தெரியப்போகிறது.

ஜூன் 13, வெள்ளி

இழுத்ததில் இவர் முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்கு உரிந்துவிட்டது. அவருக்கு வலி தெரியாது. மருந்து போடும்போது எனக்குத்தான் வலித்தது.

ஜூன் 15, ஞாயிறு

சென்னையிலிருந்து மகள் சுகந்தி பேசினாள். ஏழாம் மாசம். கால் வீங்குகிறதாம், மாமியார் இல்லாத வீடு, மாப்பிள்ளைக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. “நீ எப்பம்மா வருவ? அப்பாவ யாரு பாத்துப்பா?” என்று இரண்டு கேள்வியையும் சேர்த்துக் கேட்கிறாள்.

போனை வைத்ததும் இவர் ஆரம்பித்தார்.

“எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவ நாலு நாள் அழுவா. உனக்கு ஆச்சுன்னா கைக்கொழந்தையோட எங்க போயி நிப்பா? யோசிச்சியா?”

“யாருக்கும் ஒண்ணும் ஆகாது. கட்டில வாசல ஒட்டிப் போடுறேன். அப்ப நெலப்படி மட்டுந்தான். ஜோக்கிமும் இருந்தா—”

“அவனுக்கும் வீடு இருக்கு, ரெண்டு பிள்ள இருக்கு. ஆடுறப்ப அவன் என்னையா தூக்க வருவான்? கட்டில பின்னறையில போடு. இங்க ஜன்னல் கண்ணாடி பூரா என் தலைமாட்டுல. ஆடுனா மொகத்துலதான் கொட்டும்.”

அது நியாயமாகத்தான் பட்டது. சாயந்திரம் ஜோக்கிமும் ரெஜினாவும் வந்து மாற்றிப் போட்டார்கள். சமையல்கட்டிலிருந்து வாசலுக்கு இப்போது நேர்வழி. முன்னறை மைதானம் மாதிரி இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

இப்போது தினமும் டிரில். சொன்னால் சொன்னதுதான், எனக்குப் பழகிவிட்டது. ஏழாவது விசிலுக்குள் கிரைண்டர், கேஸ், செருப்பு, பை, எல்லாம் முடிந்துவிடும். நீள விசில் ஓயும்போது நான் படிக்கட்டில் இருப்பேன். பின்னறைப் பக்கம் தலையைத் திருப்புவதுகூட இல்லை. இவர் கெட்டிக்காரி என்று பாராட்டினார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தேறியபோதுகூட என்னை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

குழாயடியில் காற்று நன்றாக வருகிறது. வீடுகளுக்கு நடுவே ஒரு துண்டு கடல் தெரியும். இத்தனை வருஷமாகத் தண்ணீர் பிடிக்கிற அவசரத்தில் நான் அதைப் பார்த்ததே இல்லை. இன்று ரெஜினா துணி காயப்போட வந்தாள். அவள் தங்கச்சி கல்யாணக் கதையைக் கேட்டுக்கொண்டு நின்றதில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. போய்ப் பார்த்தால் இவர் ஒன்றும் கேட்கவில்லை. படியேற மூச்சு வாங்கியது என்று நானாகச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருக்கும்போது ஏழும் ஒன்றும் ஊதுகிறார் மனுஷன். நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையில் சீயக்காயோடு குழாயடியில் நின்றேன். தெருவே சிரித்தது. “பூகம்பம் நீ குளிச்சு முடிக்கட்டும்னு காத்திருக்குமா?” என்று கேட்கிறார். நான் ஒரு வாரம் பேசப்போவதில்லை என்றேன். ஒரு விசில் ஊதினார். போனேன். மூக்கு அரிக்கிறதாம்.

ஜூன் 27, வெள்ளி

மொட்டைமாடித் தொட்டி வழிகிறது என்று ஜோக்கிமைக் கூப்பிட்டேன். அவன் மேலே போய்ப் பார்த்துவிட்டு இறங்கும்போது முகம் சரியில்லை.

“அக்கா, அண்ணன ஏன் பின்னறையில போடச் சொன்னீங்க? தொட்டி நேரா கட்டிலுக்கு மேல இருக்கு. தூண்ல விரிசல் வேற. ஆடுனா மொதல்ல எறங்குறது அதான்.”

பின்னறைக்குப் போனேன்.

“மேல தொட்டி இருக்குறது தெரிஞ்சுதான் இங்க போடச் சொன்னீங்களா?”

“நான் கட்டுன தொட்டி. எனக்குத் தெரியாதா?”

“அப்ப சாகணும், அதான?”

“கத்தாத. ஜோக்கிம் நிக்கிறான்.” இடது கையால் என் முந்தானையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். “முன்னறையில கெடந்தா நீ என்னத் தாண்டித்தான் வெளிய போகணும். உன்னால தாண்ட முடியாது. எனக்குத் தெரியும். இங்கன்னா பாக்காம போயிருவ. போற வழியில நான் கெடக்கக் கூடாது நாகு.”

என்ன பேச்சு இது? இருபத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளிடம் பேசுகிற பேச்சா? ஆத்திரம் தீர வைதுவிட்டேன். தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தேன். இனி கீழே டிரம்மில் பிடித்து வாளியில் சுமந்துகொள்கிறேன். மூன்று நாளுக்கு ஒரு தடவை வரும் தண்ணீர், சுமந்தால் என்ன, குறைந்தா போய்விடுவேன்? கட்டிலையும் திரும்ப முன்னறைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜோக்கிமுக்கு இந்த வாரம் முழுக்க ஷிப்ட். அவனுக்கு ஓய்வு கிடைக்கட்டும்.

பின்னறையில் டிவி இல்லாததால் இவர் சீக்கிரம் கண்ணசந்துவிடுகிறார். முன்னறையில் எனக்கும் கொஞ்சம் தூக்கம் வருகிறது. அதுவும் ஒரு நல்லதுதான்.

ஜூலை 2, புதன்

ஆடியது. பெரியது. வீடு நிற்கிறது. இருவரும் நலம்.

ஜூலை 3, வியாழன்

நேற்று கை ஓடவில்லை. இன்று முறைப்படி எழுதுகிறேன். மத்தியானத்துக்கு மேல் ஆடியது. நின்ற ஆள் நிற்க முடியாத அளவுக்கு ஆடியது. கீழ்த்தெருவில் ஒரு மதில் சரிந்தது. ரெஜினா வீட்டில் டிவி விழுந்து உடைந்தது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீட்டில் பீரோ அசையவில்லை, பட்டை தாங்கியது. மாடித் தூணில் விரிசல் கூடியிருக்கிறது. தொட்டி காலியாக இருந்ததால் நின்றது என்று ஜோக்கிம் சொன்னான். விசில் ஊதினார், நான் வெளியே போனேன். பயிற்சியில் செய்தபடியே எல்லாம் நடந்தது.

சுகந்தி அழுதுகொண்டே போன் செய்தாள். போனை இவர் காதில் வைத்தேன். “உங்கம்மா ஓடுன ஓட்டத்தப் பாக்கணுமே! நான் ஊதி முடிக்கிறதுக்குள்ள ஆளக் காணோம். கப்பல்ல இருந்திருந்தா மெடலே குடுத்திருப்பேன்,” என்று சிரிக்கிறார். அவளும் சிரித்துவிட்டாள். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 5, சனி

நேற்றும் இன்றும் விசில் சத்தமே இல்லை. நன்றாகத் தூங்குகிறார் போல என்று மாவு வேலையைப் பார்த்தேன். மத்தியானம் சாதம் கொண்டுபோனால் படுக்கை முழுக்க நனைந்து கிடக்கிறது. எப்போது போனாரோ, ஈரம் ஆறிச் சில்லென்று இருந்தது.

“ஊதியிருக்கலாம்ல?”

“நீ வேலையா இருந்த. அவசரம் இல்ல.”

துடைத்து, பவுடர் போட்டு, துணி மாற்றினேன். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர் கொடுத்தால் ஒரே மூச்சில் சொம்பைக் காலி செய்தார். அதற்கும் ஊதவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சுக்குப் போய்விட்டு வரும் வழியில் ரெஜினா மாவு வாங்க வந்தாள். காசைக் கொடுத்துவிட்டும் போகாமல் நின்றாள்.

“அக்கா, அன்னிக்கி ஆடுறப்ப அண்ணன் விசில் ஊதிக்கிட்டே இருந்தாருல்ல. அந்த டிரில் விசிலு இல்ல, மத்தது. ஒண்ணு ஒண்ணா. நீங்க என் கையப் புடிச்சுக்கிட்டு நின்னீங்க. உங்களுக்குக் கேக்கலியா?”

“மழச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல ரெஜினா.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்று மழை இல்லை.

ஜூலை 9, புதன்

லாக் புக்கில் பொய் எழுதக் கூடாது என்று இவர்தான் சொன்னார். எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு ஏழும் ஒன்றும் கேட்டபோது, இன்னொரு டிரில் என்றுதான் நினைத்தேன். முனகிக்கொண்டே கிரைண்டரை நிறுத்தினேன், கேஸை மூடினேன், பையை எடுத்தேன், படியிறங்கினேன். படுக்கையில் கிடப்பவருக்கு நடுக்கம் முதலில் முதுகில் தெரிந்துவிடும் போலிருக்கிறது. குழாயடிக்குப் போன பிறகுதான் எனக்குத் தரை ஆடியது. கரண்டுக் கம்பம் சாய்ந்து நிமிர்ந்தது. ரெஜினா பிள்ளைகளோடு ஓடிவந்து என்மேல் விழுந்தாள். ஆடிக்கொண்டே இருந்தது.

அப்போது அந்த ஒற்றை விசில் கேட்டது. ‘வா.’ கொஞ்சம் விட்டு மறுபடியும். மறுபடியும். ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சன்னமாக வந்தது. தூக்கத்தில்கூட அதைக் கேட்டு எழுந்து போகிறவள் நான். என் கால் மரத்துப்போகவில்லை. ரெஜினா என்னைப் பிடித்து நிறுத்தவில்லை, நான்தான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டு எதிரே இருந்தது. நான் போகவில்லை. சுகந்திக்காக நின்றேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நேரத்தில் எனக்குச் சுகந்தியின் நினைப்பே இல்லை. நான் மட்டும்தான் இருந்தேன்.

ஆட்டம் நின்று எல்லோரும் பேச ஆரம்பித்த பிறகுதான் படியேறினேன். வாயில் விசிலோடு, கண்ணெல்லாம் நீராக, கூரையைப் பார்த்தபடி கிடந்தார். என்னைக் கண்டதும் விசிலைத் துப்பிவிட்டு, “சபாஷ்,” என்றார்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டு இத்தனை நாள் சோறு ஊட்டியிருக்கிறேன். இன்று முதுகுப் புண்ணுக்கு மருந்து போடும்போது, அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்ததால் சொல்ல முடிந்தது.

“கேட்டுச்சு. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு.”

“தெரியும். ரெஜினா வீடு வரைக்கும் கேட்டிருக்கும். உனக்குக் கேக்காதா?”

“நீங்கதான வரக் கூடாதுன்னு சொன்னீங்க? அப்பறம் எதுக்கு ஊதுனீங்க?”

பஞ்சை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

“பயமா இருந்துச்சு,” என்றார். “பெரிய இவனாட்டம் உனக்குச் சொல்லிக்குடுத்தேன். கட்டில் சுவத்துல முட்டுது. மேல தொட்டி கறகறங்குது. அப்ப உன்னக் காப்பாத்தணும்னு ஒரு எழவும் தோணல. நீ வந்து பக்கத்துல நின்னாப் போதும்னு இருந்துச்சு. வந்தா நீயும் போயிருவேன்னு தெரியும். தெரிஞ்சுதான் ஊதுனேன்.”

நான் அவர் முதுகில் நெற்றியை வைத்து அழுதேன். அந்த முதுகுக்கு நான் அழுவது தெரியாது. சத்தம் கேட்டிருக்கும்.

“நாகு.”

“ம்.”

“அடுத்த தடவ வந்துரு.”

“வர்றேன்,” என்றேன்.

ஜூலை 10, வியாழன்

ஜோக்கிமைக் கெஞ்சி வரவழைத்து, கட்டிலை முன்னறைக்கே கொண்டுவந்தாகிவிட்டது. ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை ஒட்டிவிட்டேன். இனி டிரில் கிடையாது என்று இருவரும் முடிவு செய்தோம். ராத்திரி அவர் கட்டிலை ஒட்டிக் கீழே பாய் போட்டுப் படுத்தேன். இடது கையைக் கீழே தொங்கவிட்டு என் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். இன்று ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு விசில் ஊதினார். போய் நின்றால், “சும்மாதான்,” என்கிறார். நல்ல நாள்.

ஜூலை 14, திங்கள்

சாயந்திரம் உளுந்து களைந்துகொண்டிருந்தேன். இவர் முன்னறையில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஆடியது. ரொம்பப் பெரிது இல்லை, தட்டுகள் சரிந்து விழுந்தன. விசில் ஊதவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் எழுந்தேன், நானாகத்தான் ஓடினேன். கட்டிலைத் தாண்டினது எனக்குத் தெரியும். என் புடவை கட்டில் காலில் மாட்டியதும் தெரியும், நான்தான் அதை இழுத்துவிட்டுக்கொண்டேன். பையைக்கூட எடுக்கவில்லை. ஒரு கால் நிலைப்படிக்கு வெளியே வைத்த பிறகுதான் புதன்கிழமை நான் சொன்னது ஞாபகம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறவர் முகம் எனக்குத் தெரியாதா? இமையை இறுக்கி மூடியிருந்தார், தொண்டை ஏறி இறங்கியது. விசில் மார்பில் அப்படியே கிடந்தது, இடது கை அதன் பக்கமே போகவில்லை.

ஆட்டம் அதற்குள் நின்றுவிட்டது. நான் காலை உள்ளே எடுத்து, சத்தம் வராமல் நடந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கையில் உளுந்து ஈரம் இருந்ததால் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரமோ உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கண்ணைத் திறந்தார்.

“ஆடுச்சா என்ன? நான் அசந்துட்டேன்.”

“லேசாத்தான். நான் இங்கனயேதான் உக்காந்திருந்தேன்.”

“தெரியும்,” என்றார்.